டெஸ்ட் எல்லாம் பச்சை

மும்பை தாராவியில் ஒரு கட்டிங் மாஸ்டரின் வாரக் கூலியில், வீணான தோலுக்கான விலையைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பாக வெட்டிவிட்டார் என்று அவர் மேல் பழி. அவர் வெட்டியதில் தப்பில்லை. வெட்டுவதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது நான் எழுதிய புரோகிராம். தப்பு அதற்குள் இருந்தது. அதை யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி வைத்திருந்தவன் நான். பார்க்கலாமா என்று கேட்ட பெண்ணைத் தடுத்தவனும், தப்பு கண்ணில் பட்ட பிறகு மூடிவைத்தவனும் நானே. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பழக்கமான சங்கதியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் தாராவியில் பிறந்தவன். இப்போது வீடும் அலுவலகமும் செம்பூரில். எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து 90 அடி ரோட்டைச் சுற்றிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 1971இல் தேவ்னாரில் புதிய அறுப்புக் கூடம் வந்து, பாந்த்ராவில் இருந்தது போனது. பதனிடும் வேலையும் மெல்ல மெல்லத் தாராவியை விட்டுப் போயிற்று. பை, பெல்ட், பர்ஸ், ஜாக்கெட் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது, சதுர அடிக் கணக்கில். 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டவும் தடை வந்தது. அதன்பின் எருமைத் தோலையும் ஆட்டுத் தோலையும் நம்பித்தான் பெரும்பாலான பட்டறைகள் ஓடுகின்றன. வாங்கும் தோலில் எத்தனை துண்டு தேறும் என்பதில்தான் பட்டறைக்காரருக்கு நாலு காசு நிற்கும்.

துணியைப் போல் தோலை மடித்துப் போட்டு வெட்ட முடியாது. ஒவ்வொரு தோலும் ஒரு வடிவம். கழுத்துப் பக்கம் சுருக்கம் இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், முதுகெலும்பை ஒட்டிய பகுதிதான் உறுதி. அதனால் பெல்ட்டை எப்போதும் முதுகு வாட்டத்தில்தான் வெட்டுவார்கள். உண்ணி கடித்த தடம், முள் கீறிய தழும்பு, உரிக்கும்போது கத்தி இறங்கிய இடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் துண்டுகளைப் பொருத்த வேண்டும். பழைய மாஸ்டர்கள் துண்டின் வடிவில் வெட்டிய அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்து, வெள்ளிப் பேனாவால் கோடிட்டு, கத்தியை இழுப்பார்கள். என் அப்பாவும் அந்த வேலை பார்த்தவர். நான் சொல்லும் மாஸ்டர் அப்பாவோடு ஒரே மேசையில் நின்றவர். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

பட்டறைகளுக்கு நாங்கள் செய்து கொடுத்தது இதுதான். மேசைக்கு மேலே ஒரு கேமரா, ஒரு ப்ரொஜெக்டர். கேமரா தோலைப் படம் பிடிக்கும். புரோகிராம் தழும்புகளை ஒதுக்கித் துண்டுகளை அடுக்கும். ப்ரொஜெக்டர் அந்த அடுக்கைக் கோடுகளாகத் தோலின் மேல் பாய்ச்சும். மாஸ்டர் அந்த வெளிச்சக் கோட்டின் மேல் வெள்ளிப் பேனாவை ஓட்டினால் போதும்.

அடுக்குவது கணக்குப் பிடித்த வேலை. ஒரு துண்டை ஓர் இடத்தில் வைக்கலாமா என்று முடிவு செய்ய, ஏற்கெனவே வைத்த துண்டுகளோடு அது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தோலுக்கு இந்தக் கேள்வியை லட்சக்கணக்கான தடவை கேட்க வேண்டிவரும். பைத்தான் மொழியில் அப்படியே எழுதினால் மாஸ்டர் டீ குடித்துவிட்டு வந்தும் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அந்தப் பகுதியை மட்டும் சைதனில் எழுதினேன். பைத்தானைப் போலவே எழுதலாம். அதை சி மொழியாக மாற்றி, கம்பைல் செய்து, பைத்தானுக்குள் இழுத்துக்கொள்ளக்கூடிய எக்ஸ்டென்ஷனாக ஆக்கிவிடும். கிரெக் யூயிங் 2002இல் வெளியிட்ட பைரெக்ஸிலிருந்து 2007இல் கிளைத்தது சைதன். இன்று அறிவியல் கணக்குப் போடும் பைத்தான் தொகுப்புகள் பலவற்றில் இதன் கை இருக்கிறது.

சைதனில் ஒரு ஃபங்ஷனை டெஃப் என்று தொடங்கினால் பைத்தான் அதைப் பார்க்கும். சிடெஃப் என்று தொடங்கினால் அது சுத்தமான சி ஃபங்ஷன். வேகம் அதிகம், ஆனால் பைத்தான் பக்கமிருந்து அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிபிடெஃப் என்று தொடங்கினால் சி பக்கத்துக்கு ஒரு வாசல், பைத்தான் பக்கத்துக்கு ஒரு வாசல் என இரண்டும் கிடைக்கும். நான் இடிக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனுக்கு ஓவர்லாப் என்று பெயரிட்டு சிடெஃப் போட்டேன். மேலே அடுக்கும் ஃபங்ஷன் ஒன்றை மட்டும் டெஃப் ஆக்கினேன். டெஸ்ட் எல்லாம் அந்த மேல் ஃபங்ஷனுக்குத்தான்.

சாதாரணப் பைத்தானில் உள் ஃபங்ஷன் என்று பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போடுவோம். அது ஒரு மரியாதைக் கோடு, அவ்வளவுதான். தாண்டிப் போய்க் கூப்பிட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. கம்பைல் செய்த நிரலில் அப்படியில்லை. சி மொழியில் ஸ்டாட்டிக் என்று ஆனதும் அந்த ஃபங்ஷனின் பெயரே வெளியில் நிற்காது. கம்பைலர் அதைக் கூப்பிட்ட இடத்திலேயே கரைத்துவிடவும் செய்யும். டெஸ்ட் எழுதுபவருக்குப் பிடிக்க ஒரு நுனிகூட மிஞ்சாது. எழுதியவன் நுனி விட்டுவைத்தால்தான் உண்டு.

மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் படித்துக்கொண்டே எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி இதைத்தான் கேட்டாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிபன் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "அண்ணா, ஓவர்லாப்பை மட்டும் தனியா கூப்பிட்டுப் பார்க்கணும்னு இம்போர்ட் பண்ணினேன். அப்படி ஒண்ணு இல்லேன்னு சொல்லுது. அதை எப்படி டெஸ்ட் பண்றது?" என்றாள்.

"அது உள்விஷயம்மா. உள்ளே இருக்கறதை டெஸ்ட் பண்ணக் கூடாது. வெளியில அடுக்கு சரியா வந்தா உள்ளேயும் சரின்னு அர்த்தம்" என்றேன்.

"சிபிடெஃப்னு மாத்திட்டா பார்க்கலாம் இல்லையா?"

"வேகம் போயிடும்."

வேகம் போகும் என்பதை நான் அளந்து பார்த்ததே இல்லை. ஒரு கிளாஸுக்குள் இருக்கும் சிபிடெஃப் மெத்தடாக இருந்தால், கீழே வரும் கிளாஸில் யாராவது அதை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கும் சின்னச் செலவு உண்டு. மாட்யூலில் தனியாக நிற்கும் ஃபங்ஷனை சைதனுக்குள்ளிருந்தே கூப்பிட்டால் அது நேராக சி பக்க வாசலுக்கே போகும். பின்னால் அளந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. அன்று அவளிடம் அதிகாரமாகச் சொன்னது, அறியாமல் சொன்னது.

வெளி வாசலை மட்டும் டெஸ்ட் செய் என்பது பெரியவர்கள் பலரும் சொல்லும் நல்ல அறிவுரைதான். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், டெஸ்ட் உடையாது. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரையை நான் மறைவாகப் பயன்படுத்திக்கொண்டேன். ஓவர்லாப்பை நான் ஒரே மூச்சில், ராத்திரி நேரத்தில் எழுதினேன். இரண்டு கோட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று பார்க்கும் சூத்திரம் கல்லூரியில் படித்தது, நினைவிலிருந்து போட்டது. ஓரங்கள் ஒட்டியிருந்தால் என்ன, ஒரே கோட்டில் படுத்திருந்தால் என்ன என்று நான் யோசித்து முடிக்கவில்லை. அதைத் திறந்தால் அந்த அரைகுறை தெரிந்துவிடும். சைதன் தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்தேன். படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது.

பிழை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓரங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடிக்க ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். ஓரங்கள் இணையாக இருந்தால் அந்த எண் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் சைதன் எக்ஸப்ஷன் கிளப்பும், அதாவது பிழை என்று கத்தும், பைத்தானைப் போலவே. ஆனால் நான் ஓவர்லாப்பை முழு எண் திருப்பித்தரும் சிடெஃப் ஃபங்ஷனாக எழுதியிருந்தேன். அன்று நாங்கள் பயன்படுத்தியது 0.29 வரிசைச் சைதன். அதில் இப்படிப்பட்ட ஃபங்ஷனுக்குள் எக்ஸப்ஷன் கிளம்பினால், எக்ஸெப்ட் என்று தலைப்பு வரியில் குறிப்பிட்டிருந்தால் தவிர, அது மேலே போகாது. எக்ஸப்ஷன் புறக்கணிக்கப்பட்டது என்று ஒரு வரியைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு, ஃபங்ஷன் 0 என்று திருப்பித்தந்துவிடும். என் ஓவர்லாப்பில் 0 என்றால் இடிக்கவில்லை, வைக்கலாம் என்று பொருள்.

அதாவது, எனக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தாராளமாக வை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பை, ஜாக்கெட் துண்டுகளுக்கு இது வெளியில் தெரியவில்லை. வளைந்த ஓரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் கிடக்கும். இரண்டு ஓரங்கள் கடைசித் தசமம்வரை துல்லியமாக இணையாக அமைவது அபூர்வம். பட்டறையில் மேசைக் கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னல் திறக்காதபடி புரோகிராமை வைத்திருந்தோம், மாஸ்டர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. அதனால் புறக்கணிக்கப்பட்டது என்ற அந்த ஒற்றை வரியும் போக இடமில்லாமல் போயிற்று.

என் கம்ப்யூட்டரில் அது வந்தது. இதுதான் எனக்கு மிகவும் கசப்பான பகுதி. நாங்கள் டெஸ்ட் ஓட்டும் கருவி பைடெஸ்ட். 2020 டிசம்பரில் வந்த அதன் 6.2 பதிப்பு முதல், இப்படி விழுங்கப்படும் எக்ஸப்ஷன்களையும் அது பிடித்து, ஓட்டத்தின் முடிவில் மஞ்சளில் எச்சரிக்கையாகக் காட்டும். ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு சதுரங்களை அடுக்கும் டெஸ்ட் ஒன்று வைத்திருந்தேன். இடிக்கக் கூடாது என்பது எதிர்பார்ப்பு. முதல் ஓரத்திலேயே பூஜ்யத்தால் வகுத்து, எக்ஸப்ஷன் விழுங்கப்பட்டு, 0 வந்தது. எதிர்பார்த்ததும் 0. டெஸ்ட் பச்சை. கீழே மஞ்சள் எச்சரிக்கை. ஃபங்ஷன் கணக்கே போடாமல் சரியான விடை சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கையில் என் ஓவர்லாப்பின் பெயரும், பூஜ்ய வகுத்தல் என்பதும் எழுத்து எழுத்தாக இருந்தன. நான் படித்தேன். ஓரத்தில் வரும் சில்லறைச் சமாச்சாரம் என்று சொல்லிக்கொண்டு, அந்த வகை எச்சரிக்கையே காட்டாதே என்று அமைப்பு ஃபைலில் ஒரு வரி போட்டேன். திரை சுத்தமாயிற்று. அந்த மாணவிக்கும் அது தெரியாமல் போயிற்று.

பிறகு 2022இல் பட்டறைக்குப் பெல்ட் ஆர்டர் வந்தது. எருமைத் தோல், 42 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். எல்லாம் முதுகு வாட்டத்தில், சாய்வே இல்லாமல் நேராக. எல்லா ஓரமும் எல்லா ஓரத்துக்கும் இணை அல்லது செங்குத்து.

எங்கள் அடுக்கு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தோலை ஓர் அங்குலக் கட்டங்களாகப் பிரித்துத் துண்டுகளைச் சுமாராக வைக்கும். அதில் ஓவர்லாப்புக்கு வேலையில்லை, அதனால் தப்பும் இல்லை. அடுத்து, வீணாகும் இடத்தைக் குறைக்க ஒவ்வொரு துண்டையும் கழுத்துப் பக்கமாக நீளவாக்கில் நகர்த்தும், முன்னால் இருப்பதில் இடிக்கும்வரை, அதிகபட்சம் ஒரு கட்டம். இடிக்கவில்லை என்றே ஓவர்லாப் சொல்லிக்கொண்டிருந்ததால், பின்னால் இருந்த பெல்ட் முன்னால் இருந்த பெல்ட்டுக்குள் ஓர் அங்குலம்வரை புகுந்தது. நீள ஓரங்கள் ஒரே கோட்டில் அமைந்துவிடுவதால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே நீளப் பட்டையாகத்தான் தெரியும். சேருமிடத்தில் ஒரு குறுக்குக் கோட்டுக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு.

மாமா அதைக் கவனித்தார். எனக்குப் போன் செய்து சொன்னார். "ஏய்யா, ரெண்டு கோடுலா தெரியுது. எதுல வெட்ட?"

"மாமா, ப்ரொஜெக்டர் ஃபோகஸ் போயிருக்கும். நிழல் விழுது. முதல் கோட்டுல வெட்டுங்க" என்றேன். செம்பூரிலிருந்து தாராவிக்குப் போய்ப் பார்ப்பது ஒரு பெரிய தூரமில்லை. போகவில்லை. அவர் ஆயுள் முழுக்கத் தோலையும் கோட்டையும் பார்த்த கண். அது சரியாகப் பார்த்ததை, நேரில் பார்க்காத நான் நிழல் என்றேன்.

அவர் முதல் கோட்டில் வெட்டினார். முன்னால் இருந்த பெல்ட் ஓர் அங்குலம் குட்டையாக வந்தது. பக்கிள் போட்டு ஓட்டை குத்தும் மேசையில்தான் அது தெரிந்தது. அதற்குள் பல தோல்கள் வெட்டியாகிவிட்டன. வெட்டின பெல்ட்டைக் கீழ் சைஸுக்கு இறக்கலாம், ஆனால் அந்த ஆர்டரில் கீழ் சைஸ் இல்லை.

பட்டறை அண்ணாச்சி என்னை வரச்சொல்லிக் கேட்டார். மாமாவும் பக்கத்தில் நின்றார். "உன் மிசின்ல ஏதும் கோளாறு இருக்குமாடே? மனசறிஞ்சு சொல்லு."

"இல்ல அண்ணாச்சி. டெஸ்ட் எல்லாம் பச்சை" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்கு அந்த மஞ்சள் எச்சரிக்கை நினைவுக்கு வந்ததா? வந்தது. முழுதாக இல்லை. வயிற்றில் ஒரு நெருடலாக வந்தது. இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். மாமா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கணிப்பொறி சொன்னது ஒரு பக்கம், வயதான கை மறுபக்கம் என்றால் பட்டறையில் எதை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை விற்றுத்தான் நாங்கள் பிழைக்கிறோம். சனிக்கிழமைப் பட்டுவாடாவில் தோலின் விலையில் ஒரு பங்கு அவர் கூலியிலிருந்து போயிற்று. அடுத்த சில வாரங்களிலும் போயிற்று.

2023 ஜூலையில் சைதன் 3.0 வந்தது. அதில் அவர்கள் இந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார்கள். சிடெஃப் ஃபங்ஷனில் எக்ஸப்ஷன் கிளம்பினால் இனி அது மேலே போகும். விழுங்கத்தான் வேண்டும் என்றால் நோஎக்ஸெப்ட் என்று எழுதியவனே கைப்பட எழுதிவைக்க வேண்டும். புதிய பதிப்பில் எங்கள் நிரலைக் கம்பைல் செய்தேன். ஒட்டி நின்ற சதுரங்களின் டெஸ்ட் சிவப்பானது. பூஜ்ய வகுத்தல்.

அப்போதாவது நின்று பார்த்தேனா? பழைய நிரல்கள் உடையாமல் இருக்கட்டும் என்று பழைய நடத்தையையே வைத்துக்கொள்ள ஓர் அமைப்பு கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டேன். மறுபடி பச்சை. அவகாசம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை உள்ளுக்குள் தெரிந்தேதான் செய்தேன்.

அந்த மாணவி அதற்குள் படிப்பு முடித்து எங்களிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பழைய நடத்தைக்கான அந்த வரி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்காமல் வேலையைத் தொடங்கினாள். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்தானே. ஓவர்லாப்பின் தலைப்பு வரியை ஒரு பிஎக்ஸ்டி ஃபைலில் எழுதினாள். அப்படி எழுதினால் சைதனில் எழுதிய வேறொரு மாட்யூல் அந்த ஃபங்ஷனை சி மட்டத்திலேயே கடன் வாங்கிக்கொள்ள முடியும். டெஸ்டுக்காக மட்டும் ஒரு சிறு சைதன் மாட்யூல் தொடங்கி, அதில் ஓவர்லாப்பை அப்படியே கூப்பிட்டு விடையைத் திருப்பித்தரும் டெஃப் ஃபங்ஷன் ஒன்று வைத்தாள். எல்லாம் சேர்த்து ஒரு கைக்குள் அடங்கும் வரிகள். சிபிடெஃப் கூடத் தேவைப்படவில்லை. வாடிக்கையாளருக்குப் போகும் மாட்யூலில் பைத்தான் பக்கம் ஒரு வாசலும் கூடவில்லை.

அதிலிருந்து அவள் ஓட்டிய முதல் டெஸ்ட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். ஒரு செவ்வகம் 0இல் தொடங்கி 42இல் முடிகிறது. இன்னொன்று 41இல் தொடங்குகிறது. இரண்டும் ஒரே அகலம், ஒரே கோட்டில். ஓர் அங்குலம் ஒன்றுக்குள் ஒன்று. ஓவர்லாப் சொன்ன விடை 0.

அவளுக்கு அது வெறும் செவ்வகம். பட்டறையின் அளவுக் குறிப்பிலிருந்து கைக்கு வந்த எண்ணை எடுத்திருக்கிறாள். எனக்கு அந்த 42, பெல்ட். இரண்டு கோடுலா தெரியுது என்ற குரல்.

இதில் நான் வெட்கப்படும் இன்னொன்றும் உண்டு. அவள் செய்ததற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பொவாய் ஐ.ஐ.டி.யில் நடந்த சைபை இந்தியா மாநாட்டில்தான் நான் சைதனைப் பற்றியே முதலில் கேள்விப்பட்டேன். அதே வளாகத்தில் பிரபு ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது பைஎஸ்பிஎச் என்ற தொகுப்பு. திரவத்தின் ஓட்டத்தைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடுவது. அதன் வேகப் பகுதி சைதன். எந்தத் துகளுக்கு எது பக்கத்துத் துகள் என்று தேட, இடத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையின் முகவரியையும் ஒற்றை எண்ணாக மடிக்கும் ஃபங்ஷன் ஒன்று, திரும்ப விரிக்கும் ஃபங்ஷன் ஒன்று வைத்திருக்கிறார்கள். தொகுப்பைப் பயன்படுத்துபவர் இவற்றைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது. ஆனாலும் பெயருக்கு முன்னால் பை என்று சேர்த்து மெல்லிய பைத்தான் உறை ஒன்று போட்டிருக்கிறார்கள், டெஸ்டிலிருந்து நேராகக் கூப்பிட்டு, மடித்ததை விரித்தால் அதே முகவரி வருகிறதா என்று பார்க்கலாம் என்பதற்காக. இந்த நிரலை நான் சைதன் கற்றுக்கொள்ளும் நாளிலேயே படித்திருந்தேன். உறைகளைப் பார்த்தேன், தாண்டிப் போனேன்.

பைத்தானின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் அப்படித்தான். அதன் சி நிரலுக்குள் இருக்கும் அறைகளைச் சோதிக்க என்றே கம்பைல் செய்த தனி மாட்யூல்கள் உண்டு. மல்டிஅரே டெஸ்ட்ஸ் என்று ஒன்று, யூஃபங்க் பகுதிக்கு ஒன்று. நம்பையை நிறுவியபோது அவையும் என் கம்ப்யூட்டரில் வந்து இறங்கியிருந்தன. பைத்தான் மொழியைக் கட்டுபவர்களே டெஸ்ட்சிஏபிஐ என்று ஒரு மாட்யூல் வைத்திருக்கிறார்கள். 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து, வெளியார் தொடவே கூடாத உள் ஃபங்ஷன்களைச் சோதிக்க இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உலகமே நம்பியிருக்கும் நிரலை எழுதுபவர்கள் தங்கள் உள்ளறைக்கு ஒரு கதவு வைத்துச் சோதிக்கிறார்கள். உள்ளே இருப்பதைச் சோதிக்கக் கூடாது என்று நான் ஒரு மாணவிக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

எந்த வழி நல்லது என்று கேட்டால், என் வோட்டு அவள் செய்த தனி மாட்யூலுக்குத்தான். சிபிடெஃப் போட்டுத் திறந்துவிட்டால் அது வெளி வாசலாகவே ஆகிவிடும். யாராவது பயன்படுத்தத் தொடங்குவார்கள், பிறகு அதை மாற்ற முடியாது. டெஸ்ட் மாட்யூல் எங்கள் அலுவலகத்தோடு நிற்கும். ஆனால் வேறு எதற்கும் நேரமில்லை என்றால் சிபிடெஃப் போட்டாவது திறந்துவிடுங்கள். பிழையைச் சொல்லத் தெரியாத ஒரு ஃபங்ஷனை மூடி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஓவர்லாப்பை அவளே திருத்தினாள். இணையான ஓரங்களுக்குத் தனிக் கணக்கு, ஒரே கோட்டில் படுத்திருந்தால் எவ்வளவு நீளம் பொதுவாக இருக்கிறது என்ற கணக்கு. பழைய நடத்தைக்கான வரியை எடுத்தாள். எச்சரிக்கையை மறைக்கும் வரியையும் கண்டுபிடித்து, "இது யார் போட்டது அண்ணா?" என்றாள். நான் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்ததே தவிர, நியாயமாக இல்லை. அன்று கிங்ஸ் சர்க்கிளில் அவளைத் தடுத்தது கொள்கையால் இல்லை, பயத்தால் என்பதை அதற்குப் பிறகு அவளிடம் சொன்னேன்.

திருத்திய பதிப்பை எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்பியபோது குறிப்பில் சிறு மேம்பாடுகள் என்று எழுதினேன். ஆம், அதன் பிறகும். மாமாவிடம் போக இன்னும் பல மாதம் பிடித்தது. அந்த மாதங்களுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

போனேன். முதலில் அண்ணாச்சியிடம், மற்ற வேலைக்காரர்கள் இருக்கும்போதே சொன்னேன். தப்பு புரோகிராமில், அது தெரிந்திருக்க வேண்டியவன் நான், கேட்டபோது இல்லையென்று சொன்னதும் நான். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம். தோலின் விலையை நான் தருகிறேன் என்றேன். மாமாவிடம் பிடித்ததை முதலில் அவருக்குக் கொடு, மீதியைப் பிறகு பேசலாம் என்றார்.

மாமா இப்போது வேறொரு பட்டறையில் ஆட்டுத் தோல் பர்ஸ் வெட்டுகிறார். பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு கோடுன்னு சொன்னேம்லா?" என்றார்.

"சொன்னீங்க மாமா. ரெண்டு கோடுதான் இருந்தது."

"ஒங்கப்பன்கிட்ட சொல்லியாச்சா?"

இல்லை என்றேன். சொல்லு என்றார். அன்று ராத்திரியே சொன்னேன். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த வாரம் பட்டறைகளுக்கு அந்தக் குறிப்பைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்புவரை, எந்த மாதிரி நேர்த் துண்டுகளில், எவ்வளவு நீளம் குறைந்திருக்கக்கூடும், வெட்டினவர் மேல் தப்பில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் எழுதினேன், மேசையில் நிற்பவர்களும் படிக்கட்டும் என்று. சூட்கேஸ் வார் வெட்டும் ஒருவர் உடனே போன் செய்தார். அவரிடமும் நீளம் குறைந்து, ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார். அந்தப் பையன் பீகாருக்குத் திரும்பிவிட்டான். அவனுடைய போன் நம்பரைக் கேட்டிருக்கிறேன்.